ஆடியில் போன மொய்

கைப்பேசியை எங்கே வைத்தாலும் குப்புறக் கவிழ்த்து வைப்பது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இது அந்தம்மாவிடமிருந்து தொற்றிக்கொண்டது. முதல் நாள் எங்கள் வீட்டில் வந்து அவர் உட்கார்ந்தபோது என் கைப்பேசி மேசைமேல் மல்லாந்து கிடந்தது. ஏதோ செய்தி வந்து திரை வெளிச்சமானது. அந்தம்மா சட்டென்று முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு விரலால் அதை என் பக்கம் தள்ளிவிட்டு, "கவுத்து வெச்சுக்கோங்க, கண்ணு தானாப் போவுது" என்றார். அவர் வந்திருந்ததோ எங்கள் வீட்டுப் பணத்தைத் தோண்டித் துருவ. அதற்கென்றே தில்லியிலிருந்து அனுப்பப்பட்ட அதிகாரி. இதென்னடா கூத்து என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. சொந்த ஊர் அரூர்ப் பக்கம், தீர்த்தமலைக்குப் போகிற வழி. நாற்பதைத் தாண்டிய வயது. கசங்கிய பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. நாடு விட்டு நாடு போகிற பணத்தில் எது குண்டு வைக்கிறவன் கைக்குப் போய்ச் சேருகிறது என்று பார்த்துப் பிடிப்பது அவருடைய இலாகாவின் வேலை. அதற்காக வெளிநாட்டு அரசாங்கங்களோடு உட்கார்ந்து, நம் மக்களின் கணக்கு விவரத்தில் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்று பேசுகிற குழுவில் அந்தம்மாவும் ஒருவர். இப்படிச் சொன்னால் பெரிய ஆளாகத் தெரியும். நேரில் பார்த்தால், பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று பேருந்தில் கேட்கிற யாரோ ஒருவர்தான்.

வந்ததும் பேருந்தில்தான். தருமபுரியில் ஜீப் தருகிறோம் என்றார்களாம். வேண்டாம் என்றுவிட்டு, பென்னாகரத்தில் இறங்கி, எங்கள் ஊருக்கு வருகிற மினி பஸ் பிடித்து வந்தார். ஏன் மேடம் இந்த வெயிலில் என்று கேட்டேன்.

"ஜீப்பு வந்து நின்னா தெருவே கேக்குங்க, எதுக்கு வந்துச்சுன்னு. நான் போயிருவன். நீங்க எத்தன வருசம் பதில் சொல்லிக்கிட்டு இருப்பீங்க?"

அவர் எதற்கு வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் வெளிநாட்டில் ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தார். எந்த நாடு என்பதையும் விட்டுவிடுகிறேன். எங்கள் சுற்றுவட்டாரத்து ஆட்கள் நிறையப் பேர் அந்த நகரத்தில் வேலை பார்க்கிறார்கள். என் வீட்டுக்காரர் யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாத பிறவி. கைப்பேசியில் பணம் அனுப்பத் தெரியாதவன், தெரிந்தும் சோம்பல் படுகிறவன், எல்லோரும் இவரிடம் காசைக் கொடுத்துவிட்டு, "அண்ணா, எங்க மாமா பொண்ணு கல்யாணம், ஆயிரத்தொண்ணு போட்டு உட்ருண்ணா" என்று போய்விடுவார்கள். கல்யாணப் பத்திரிகையிலேயே மொய் வைப்பதற்கு வங்கிக் கணக்கை அச்சடிக்கிற காலம். இவரும் உட்கார்ந்து ஒவ்வொருவர் பேரிலும் அனுப்புவார். ஊரார் மொய்க்கெல்லாம் இவர் கைதான் வழி.

நமக்கு இது மொய். அந்த நாட்டு வங்கியின் கணினிக்கு இது என்ன? ஒரே ஆள். அவன் சம்பளத்துக்கு மீறிய பணம். யார் யாருக்கோ, சின்னச் சின்னத் தொகையாகப் போகிறது. ஐநூற்றொன்று, ஆயிரத்தொன்று, இரண்டாயிரத்தொன்று என்று பெரும்பாலும் ஒன்றில் முடிகிறது. வைகாசியிலும் ஆவணியிலும் கொட்டுகிறது, மார்கழியில் சுத்தமாக நின்றுபோகிறது. அந்த ஒற்றை ரூபாய் ஏதோ சங்கேதம் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். முகூர்த்த மாதம் என்று ஒன்று இருப்பதைக் கணினிக்கு யார் சொல்வது?

நான் வேளாண்மை விரிவாக்க மையத்தில் வேலை பார்க்கிறேன். விவசாயிகளுக்குக் கேழ்வரகு விதை கொடுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அவருடைய அழைப்பு வந்தது. "அக்கவுண்ட முடக்கிட்டாங்க. பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சுக்கிட்டாங்க. யாருக்கு அனுப்புன, எதுக்கு அனுப்புன, தீவிரவாதிக்கான்னு போலீசு கேக்குது. நீ ஒண்ணும் பயப்படாத" என்றார். பயப்படாதே என்று சொன்ன குரல்தான் நடுங்கியது. தீவிரவாதம் என்கிற வார்த்தையைத் தொலைக்காட்சிச் செய்தியில் கேட்டதோடு சரி, எங்கள் வீட்டுக்குள் அது வரும் என்று கனவிலும் நினைத்ததில்லை. அவருக்குச் சிறை என்றால் எத்தனை வருடம், எங்கே போய்ப் பார்ப்பது, எங்கள் சின்ன மகளுக்கு என்ன சொல்வது, ஒன்றும் ஓடவில்லை. யாரிடமும் வாயைத் திறக்கவுமில்லை. மகனுக்கு அங்கே வேலை கூடுதல், அதனால் பேச முடியவில்லை என்று அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், சொல்லி வைத்திருந்தேன்.

அந்தம்மாவை அத்தைக்கு விவசாய இலாகா ஆபீசர் என்று அறிமுகப்படுத்தினேன். அந்தம்மா அதை ஆமோதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. புதிதாக யார் வந்தாலும் அவர்கள் குலம் கோத்திரத்தைக் கறந்துவிடாமல் அத்தை விடமாட்டார்.

"எந்த ஊரும்மா நீ?"

"அரூர்ப் பக்கங்க."

"அரூர்னா எவடம்?"

"தீர்த்தமலை ரோட்டுலங்க."

"வூட்டுக்காரரு என்னா பண்றாரு? நீங்க என்னா ஆளுங்க?"

அந்தம்மா சிரித்த முகம் மாறாமல், "எதுக்குங்கம்மா?" என்றார்.

அத்தையின் எழுபது வயசில் இந்தக் கேள்வியை யாரும் திருப்பிக் கேட்டிருக்க மாட்டார்கள். திகைத்துப்போய், "சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்" என்றார். "சும்மாவுக்குச் சொல்ற மாதிரி எங்கிட்ட ஒண்ணுமில்லீங்களே" என்று சொல்லிவிட்டு, அந்தம்மா தம்ளரை எடுத்து மோரைக் குடித்தார். அத்தை அதற்குப் பழிவாங்குகிற மாதிரி நிலக்கடலை விதை முளைக்காமல் போன கதையை ஆரம்பித்தார். அந்தம்மா அதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அக்கறையாகக் கேட்டார். அவர் போன பிறகு அத்தை, "என்னா பொம்பளடி அது, இத்தன நேரம் பேசியும் வாயிலிருந்து ஒரு சேதி உழுவுதா பாரு" என்று முகவாயை இடித்துக்கொண்டார்.

எதுக்கு என்கிற அந்த ஒரு கேள்விதான் அந்தம்மா. எல்லோரிடமும் அதைக் கேட்டார். அத்தையிடம் கேட்டார், தன் மேலதிகாரியிடம் கேட்டார், வெளிநாட்டு அதிகாரிகளிடமும் கேட்டார். அவர் எனக்குப் பிடித்துப்போன காரணம், அந்தக் கேள்வியைத் தனக்கும் கேட்டுக்கொண்டதுதான்.

அன்றைக்கு அத்தை கொல்லைப்பக்கம் போன நேரமாகப் பார்த்து, என் கல்யாணத்து மொய் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினேன். இதைப் புரட்டினாலே அந்த ஒற்றை ரூபாய் விவகாரம் விளங்கிவிடும் என்பது என் கெட்டிக்காரத்தனம்.

"இதுல யாரு யாரு இருக்காங்க?"

"ஊரே இருக்குதுங்க மேடம்."

"ஊர நான் கேக்கலீங்களே. உள்ள வெச்சுருங்க."

கையால் தொடக்கூட இல்லை. ஆனால் தனக்கு வேண்டியதைக் கேட்க ஆரம்பித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. உங்க வூட்டுக்காரருக்குக் குடி உண்டுங்களா, சீட்டாட்டம் உண்டுங்களா, கடன் இருக்குதுங்களா, உங்களுக்குத் தெரியாம யாருக்காச்சும் பணம் போவுதுங்களா, நீங்க உங்க அம்மா வூட்டுக்கு ஏதாச்சும் கொடுக்கறீங்களா என்று வரிசையாக வந்தது. குரலை உயர்த்தவே இல்லை, ஆனால் ஒன்றையும் விடவுமில்லை. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "இதெல்லாம் எதுக்குங்க?" என்று அவர் கேள்வியை அவர்மேலேயே வீசினேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். நியாயமான கேள்வி என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். "குடியோ கடனோ இருந்தா, அதக் காட்டி மெரட்டிப் பணம் அனுப்ப வெச்சிருப்பாங்க. அதுக்குத்தான் கேட்டன். உங்களுக்குத் தெரியாமப் போவுதான்னு கேட்டது, அவரு எதையாச்சும் மறைக்கறாரான்னு பாக்க." கொஞ்சம் யோசித்தார். "உங்க அம்மா வூட்டுக்குக் கொடுக்கறது எனக்கு வேண்டாந்தாங்க. அது பழக்கத்துல கேட்டுட்டன். அத உட்ருங்க." எழுதி வைத்திருந்த அந்தக் கேள்வியை என் கண்ணெதிரில் அடித்தார். அரசாங்கம் ஒரு கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு ஒரு தாளை எடுத்தார். வீட்டுக்காரர் அனுப்பிய பணத்தின் விவரம் அது. பெயர்கள் தெரியாதபடி மடித்து, தேதியையும் தொகையையும் மட்டும் வெளியே விட்டிருந்தார். ஒவ்வொரு தேதியாகச் சொல்ல, அது யார் வீட்டுக் கல்யாணம் என்று நான் சொல்ல வேண்டும். இது எனக்கு ஒரு வேலையா? பாப்பாரப்பட்டிக் கல்யாணம், மாங்கரைக் கல்யாணம், பந்தியில் சண்டை வந்த கல்யாணம், நான் மாம்பழக் கலர் புடவை கட்டிப்போய்க் குழம்பு கொட்டிக்கொண்ட கல்யாணம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்தம்மா முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். ஆகஸ்ட் ஆரம்பத்தில் போன இரண்டு தொகைகளுக்கு மட்டும் எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. "யாராவது வேண்டியவங்க கல்யாணமா இருக்கும்" என்று சொல்லி வைத்தேன். அவர் அடுத்த தேதியைப் படித்தார்.

இன்னொன்றையும் கவனித்தேன். மாதாமாதம் வருகிற ஏதோ ஒரு வரியை அவர் விரல் ஒவ்வொரு முறையும் தாண்டிக்கொண்டு போனது.

"அது என்னங்க மேடம்?"

"அது எங்க விசாரணைக்கு வேண்டாததுங்க. பாத்துட்டன், தப்பா ஒண்ணுமில்ல."

"பொம்பள பேராங்க?"

அவர் தாளை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"நான் அவரு பொண்டாட்டிங்க. எனக்குத் தெரியக் கூடாதா?"

"தெரியலாங்க. அவரு வாயால தெரியட்டும். வந்ததும் கேளுங்க."

அந்த நிமிடம் அவரைக் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. என் வீட்டு ரகசியம் தில்லியில் இருக்கிற ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அடுத்த சில வாரங்களில் நான் கற்பனை செய்யாத பெண் இல்லை. சலவைப் பிரிவில் வேலை செய்கிறவளா, பழைய சிநேகிதமா என்று போட்டு உழப்பிக்கொண்டேன்.

அந்த நாட்டு அதிகாரிகள் இரண்டு பேர் பேச்சுவார்த்தைக்காகப் பெங்களூர் வந்திருந்தார்கள். குடும்பத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள். தருமபுரியில் அரசு அலுவலகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று மேலிடத்தில் சொன்னதை அந்தம்மா ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குப் போன் செய்து, "ஒகேனக்கல்லுக்கு வந்துருங்க. வெளிநாட்டுக்காரங்க தருமபுரி ஆபீசுல வந்து எறங்குனா ஊரே கூடிரும். ஒகேனக்கல்லுல எறங்குனா, பரிசல் வேணுமான்னு கேட்டுட்டுப் போயிருவாங்க" என்றார்.

அப்படியேதான் நடந்தது. வயதான அதிகாரி ஒருவர், அவரோடு இளவயதுப் பெண் அதிகாரி ஒருத்தி. இருவரையும் பரிசல்காரர்களும் எண்ணெய் தேய்ப்பவர்களும் வழியெல்லாம் மொய்த்தார்கள். அந்தம்மா மீன் வாங்கி, அங்கே வறுத்துக் கொடுக்கிற பெண்ணிடம் கொடுத்துவிட்டு, ஆற்றைப் பார்த்த மாதிரி மரத்தடிச் சிமெண்டுப் பெஞ்சில் எங்களை உட்கார வைத்தார். இரண்டு நாடுகள் பேச வேண்டிய பேச்சு, மீன் வறுபடுகிற வாசனையில் நடந்தது. ஆங்கிலத்தில் பேசினார்கள். பி.எஸ்சி. விவசாயம் படித்ததன் புண்ணியத்தில் எனக்கும் புரிந்தது.

பெரியவருக்கு எல்லாம் வேண்டும். என் வீட்டுக்காரர் யாருக்கெல்லாம் அனுப்பினாரோ அத்தனை பேரின் கணக்கு, போன் எண், அவர்கள் யார் யாருக்கு அனுப்பினார்கள் என்பதுவரை. "மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள், எங்கள் கணினி பிரித்துக்கொள்ளும். தப்புச் செய்யாதவர்களுக்கு என்ன பயம்?" என்றார்.

அந்தம்மா தன் வழக்கமான கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டார்.

பெரியவர் முகம் சிவந்துவிட்டது. "எதற்கா? எங்கள் ஊர்ச் சந்தையில் குண்டு வெடித்தது. அதற்கான பணம் இப்படித்தான் சின்னச் சின்னதாகப் போனது. அப்போது எல்லோரும் எதற்கு எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னோடு வேலை பார்த்தவரின் மகள் அதில் போய்விட்டாள். காய் வாங்கப் போன பெண்."

அந்தம்மா கையிலிருந்த மீனை வைத்துவிட்டார். "நானும் அதற்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார்.

"இவையெல்லாம் கல்யாணங்கள். இவர் சொன்னதை நான் தனியாகவும் சரிபார்த்துவிட்டேன். இந்த இரண்டும் கல்யாணம் இல்லை."

அவர் விரல் ஆகஸ்ட் ஆரம்பத்துத் தேதிகளில் நின்றது.

"இது எங்களுக்கு ஆடி மாதம். எங்கள் பக்கத்தில் ஆடியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மற்ற தொகைகள் எல்லாம் ஒன்றில் முடிகின்றன. இவை இரண்டும் முழுத் தொகை. மொய் என்று சொல்லி வேறு யாரோ இவர் கையால் அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பணம் போன கணக்கு யாருடையது, அங்கிருந்து எங்கே போனது, முகவரி, போன், எல்லாம் நாளைக்கே தருகிறேன். மற்றவர்களின் பெயர் ஒன்றுகூடத் தர மாட்டேன். விசாரணையில் புதிதாக யாராவது வந்தால், அந்தப் பெயரையும் காரணத்தையும் சொல்லிக் கேளுங்கள். எத்தனை முறை கேட்டாலும் பதில் வரும்."

எனக்குக் காதில் அருவிச் சத்தம்கூட விழவில்லை. இந்தப் பெண் எங்களைக் காப்பாற்ற வந்திருக்கிறாள் என்றல்லவா நம்பியிருந்தேன். என் வீட்டுக்காரர் தீவிரவாதிக்குப் பணம் அனுப்பினார் என்று இவளே கைநீட்டிக் காட்டிவிட்டாள்.

பெரியவர் இதற்கு ஒப்பவில்லை. மற்றவையெல்லாம் கல்யாணம் என்பதற்கு உங்கள் வார்த்தைதானா ஆதாரம் என்று மடக்கினார். சரிபார்த்த விதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், பின்னால் தப்பென்று தெரிந்தால் என் வேலை போகட்டும் என்றார் அந்தம்மா. அந்த இளம் பெண் அதிகாரி என் பக்கம் திரும்பி, "அந்த ஒன்று எதற்கு?" என்று கேட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. இருந்தாலும் சொன்னேன். முழுத் தொகையாகக் கொடுத்தால் கணக்கு முடிந்த மாதிரி, ஒரு ரூபாய் சேர்த்து வைத்தால் உறவு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அவள் அதை எழுதிக்கொண்டாள். பெரியவரிடம் தங்கள் மொழியில் ஏதோ சொன்னாள். அவர் எழுந்து ஆற்றோரக் கம்பி வேலிப் பக்கம் போய் நெடுநேரம் போனில் பேசினார். பரிசல்காரர் ஒருவர் அவரையே சுற்றிச் சுற்றி வந்தார். திரும்பி வந்த பெரியவர் அந்தம்மாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு, ஆறிப்போன மீனை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

திரும்பும் பேருந்தில் அந்தம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் எழுந்துபோய் வேறு இருக்கையில் உட்கார்ந்தேன். அவர் அங்கேயும் வந்தார்.

"நீங்க எங்க ஆளுன்னு நெனச்சன் மேடம்."

"உங்க ஆளுதாங்க. அதுக்காக அந்த ரெண்டையும் மறைக்க முடியாதுங்க. அந்தக் காசு போன எடம் எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சா நீங்களே புடிச்சுக் கொடுத்திருப்பீங்க."

"எங்க போச்சு?"

"அதச் சொல்ல முடியாதுங்க."

"இதையும் சொல்ல மாட்டீங்க, அதையும் சொல்ல மாட்டீங்க. எம் புருசன் பேர மட்டும் சொல்லுவீங்க."

சொல்லிவிட்டு அழுதேன். நான் அழுவதை யாரும் பார்க்காதபடி அவர் இடைவழிப் பக்கம் உடம்பை முழுதாகத் திருப்பிக்கொண்டு, பென்னாகரம் வரும்வரை அப்படியே மறைத்து உட்கார்ந்திருந்தார். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு வீட்டுக்காரரை அங்கே இன்னும் கடுமையாக விசாரித்தார்கள். அந்தம்மாவுக்கு நான் போன் செய்யவே இல்லை. அவரைச் சபித்துக்கொண்டுதான் விதை மூட்டைகளை எண்ணினேன். கடைசியில் வீட்டுக்காரர் அந்த ஆளை அடையாளம் காட்டினார். சேலத்துக்காரன் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் அறையில் சிறிது காலம் தங்கியவன். அக்கா பெண்ணுக்குக் கல்யாணம் என்று சொல்லி இவர் கையில் பணத்தைத் திணித்திருக்கிறான். அவனைப் பிடித்தார்கள். அவன் வழியாக இன்னும் சிலரைப் பிடித்தார்கள். இவருக்கு ஒன்றும் தெரியாது என்பது தெளிவானது. பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பெங்களூரில் விமானம் இறங்கி, காரில் வரும்போது நான் கேட்ட முதல் கேள்வி, "ஆடி மாசத்துல எவன் வூட்டுலங்க கல்யாணம்?" என்பதுதான்.

"அங்க ஆடி ஏது, ஆவணி ஏது? மெஷின் ஓடற சத்தந்தான். கல்யாணம்னு சொல்லி மொய்க் காசக் கொடுக்கறான். எதுக்குன்னு எப்பிடிறீ கேப்பன்?" என்றார். இளைத்துப்போயிருந்தார். அவரை என்ன சொல்லித் திட்டுவது?

இரண்டாவது கேள்வியையும் கேட்டேன். மாதாமாதம் யாருக்கு அனுப்புகிறீர்கள்? அவர் ஓட்டுநரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் காதருகில் சொன்னார். அவருடைய தங்கைக்கு. வேறு சாதியில் கட்டிக்கொண்டு போனதால், செத்துப்போய்விட்டாள் என்று அத்தை தலைமுழுகிய பெண். கிருஷ்ணகிரிப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறாள், கணவனுக்கு உடம்பு சரியில்லை. "உனக்குச் சொன்னா நீ அம்மாகிட்ட மறைக்கணும். அதான் சொல்லல" என்றார். நான் பயந்தது என்ன, இவர் சொன்னது என்ன! அந்தம்மா அன்றைக்கு அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால், எனக்கிருந்த ஆத்திரத்தில் என் வாயாலேயே அத்தைக்கு எட்டியிருக்கும். அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே ஆதரவும் அன்றோடு போயிருக்கும். என் நாத்தனார் விஷயத்தை என் கணவர் வாயால் கேட்க விட்டதற்காக அந்தம்மாவுக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

சில நாள் கழித்து அவரே போன் செய்தார்.

"வந்துட்டாருங்களா?"

"வந்துட்டாருங்க மேடம்."

"நல்லாயிருக்காருங்களா?"

"நல்லாயிருக்காருங்க. மேடம், அன்னைக்குப் பஸ்சுல..."

"உட்ருங்க. நானா இருந்தாலும் அப்பிடித்தான் பேசியிருப்பன்."

வீட்டுக்கு வாருங்கள், ஒரு வேளை சாப்பிட்டுப் போங்கள் என்றேன். வரக் கூடாது, உங்கள் வீட்டுக்காரர் பெயர் எங்கள் கோப்பில் இருக்கிறது என்றார். அவருடைய ஊர்க்காரர் ஒருவர் மூலமாகக் கொடுத்தனுப்பிய புளியைத் திருப்பி அனுப்பிவிட்டார். நல்ல கொட்டையெடுத்த புளி. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு மாற்றலாகி எங்கேயோ போய்விட்டார். அந்த எண் இப்போது வேலை செய்வதில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு கிலோ விதை வாங்க வருகிற விவசாயியிடம் ஆதார் நகல், சிட்டா, போட்டோ, போன் எண், எல்லாம் வாங்கித் திறந்த அலமாரியில் குவித்து வைப்போம். வருடக் கடைசியில் அவை எடைக்குப் போகும். ஒருநாள் எதிர் டீக்கடையில் வாங்கிய பஜ்ஜியைப் பிரித்தால், எண்ணெயில் ஊறிப்போய் எங்கள் விவசாயி ஒருவர் ஆதார் நகலிலிருந்து என்னைப் பார்க்கிறார். முன்பென்றால் சிரித்துவிட்டுத் தின்றிருப்பேன். அன்றைக்கு நேராக மேலதிகாரி முன்னால் போய் நின்று, இத்தனை காகிதமும் எதற்கு வாங்குகிறோம் என்று சண்டை பிடித்தேன். இப்போது அலமாரிக்குப் பூட்டு இருக்கிறது. வேண்டாத நகலை நாங்கள் கேட்பதில்லை. பூட்டியம்மா என்று எனக்கு ஒரு பட்டப்பெயரும் கிடைத்திருக்கிறது.

போன தை மாதம் சின்னவளுக்குக் காதுகுத்து வைத்தோம். அவர் வெளிநாட்டில் இருந்ததால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விசேஷம். ஊர் முழுக்க வந்திருந்தது. பந்தியில் ஒரு பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அதே நகரத்தில்தான் வேலை பார்க்கிறார்கள், அவர்களுடைய மொய்யெல்லாம் என் வீட்டுக்காரர் வழியாகத்தான் வந்து போனது. வெளிநாட்டுப் பணத்துக்குக் கெடுபிடி அதிகமாகிவிட்டதைப் பற்றிப் பேச்சு வந்தது. வேறெங்கோ ஒரு ஊரில் வீடு வீடாகப் புகுந்து விசாரித்தார்களாம், கல்யாணத்துக்கு இருந்த பெண்ணின் கணக்கைக்கூட விடவில்லையாம், அந்தச் சம்பந்தமே நின்றுபோய்விட்டதாம் என்று பக்கத்து இலைக்காரர் சொன்னார்.

பெரியப்பா இலையிலிருந்து தலையை நிமிர்த்தி, "நம்ம ஊருக்குள்ள ஒருத்தன் வந்து ஒரு கேள்வி கேட்டிருக்கறானா? நம்ம பசங்க அனுப்பற காசுன்னா கண்ண மூடிக்கிட்டு உட்டுருவாங்க. நம்ம மேல அப்பிடி ஒரு நம்பிக்க" என்று மார்பைத் தட்டினார். பந்தி முழுக்க ஆமாம் ஆமாம் என்றது.

அடுத்த வரிசையில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பாயச வாளியோடு பெரியப்பா முன்னால் நின்றிருந்தேன். ஆற்றோரத்தில் தன் வேலையைப் பந்தயமாக வைத்த ஒருத்தியின் முகம் கண்முன்னால் வந்தது. இந்த வரிசையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுகிற அத்தனை பேரின் பெயரும் அவர் வாயில் இருந்தது, ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை. அதை இவர்கள் யாரிடமும் என்னால் சொல்லவும் முடியாது.

"ஆமாங்க பெரிப்பா, நம்ம மேல அப்பிடி ஒரு நம்பிக்க" என்றேன். கண் நிறைந்துவிட்டது. புகை என்று சொல்லிக்கொண்டு அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினேன்.